நாவறுத்த மணிக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! காவிரியின் தென்கரையில், தாயுமானவர் மலையடிவாரத்தில், மெயின்கார்டு கேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் விளங்கும் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நாள்தோறும் எழுந்தருளும் வண்டிகள் வாழி! அவற்றின் டாஷ்போர்டில் கொலுவீற்றிருக்கும் ஏர் கேஜ்கள் வாழி! அந்தக் கேஜ்களின் குரல்வளையை நெரித்து, அவற்றை மௌன விரதத்தில் அமர்த்திய மகானுபாவர்கள் எல்லோரிலும் மேலாக வாழி!

இவர்களின் கீர்த்தியை அறிய வேண்டுமானால், அவர்கள் வென்றடக்கிய பகை இன்னதென்று முதலில் அறிய வேண்டும். ஏர் பிரேக் வண்டியில் காற்றுதான் பிரேக். இன்ஜினோடு ஓடும் கம்ப்ரஸர், சேஸிஸுக்கு அடியில் உள்ள டேங்குகளில் காற்றை அழுத்தி நிரப்பும். டிரைவர் பெடலை மிதித்தால் அந்தக் காற்று பாய்ந்து சக்கரத்தைப் பிடிக்கும். டேங்கில் ஏழெட்டு கிலோ அழுத்தம் இருக்கும்வரை வண்டி சொன்ன பேச்சு கேட்கும். ஏதோ ஒரு ஹோஸ் கசிந்து அழுத்தம் வெகுவாக இறங்கிவிட்டால், பழைய வண்டி பிடிக்காமல் போகும். ஸ்பிரிங் பிரேக் வைத்த புது வண்டி தானாகவே பிடித்துக்கொண்டு பாலத்து நடுவில் நின்றுவிடும். அந்த நிலை வருமுன் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் கேஜுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கையும் ஒரு பஸ்ஸரையும் வைத்து வண்டி கட்டுகிறார்கள்.

அந்தப் பஸ்ஸருக்கு இங்கிதம் கிடையாது. விடியற்காலை முதல் நடைக்கு வண்டியைக் கிளப்பினால், டேங்கில் காற்று ஏறும்வரை கத்திக்கொண்டே இருக்கும். "காத்து ஏறிடுச்சாண்ணே?" என்று கண்டக்டர் கேட்பது டிரைவர் காதில் விழாது, டிரைவர் சொல்வது கண்டக்டர் காதில் விழாது. சாமானியர்கள் இதைச் சகித்துக்கொண்டு சில நிமிடம் காத்திருப்பார்கள். பெருமக்கள் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விடுவார்கள். ஒரே இழுப்பு. அறுந்த கம்பியின் நுனிக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் பரிவட்டம் கட்டுவார்கள். சிவப்பு விளக்கு மட்டும் எஞ்சியிருந்தால் அதன்மேல் ஒரு சாமி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அழுத்தம் இறங்கும்போதெல்லாம் ஸ்டிக்கரின் ஓரத்தில் செவ்வொளி கசிந்து, தெய்வத்தின் திருமுடியைச் சுற்றித் திருவாசி போலச் சுடர்விடும். பிரேக் குறையக் குறைய ஒளி கூடும் இத்தகைய சந்நிதி, கோயில்கள் நிறைந்த இந்த ஊரில்கூட வேறெங்கும் இல்லை. பயணிகள் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம், தக்க தருணம்தான்.

வண்டியின் உள்ளே இவ்வளவு அமைதி நிலவ, வெளியே முழங்கும் நாதத்தை என்னென்பது! ஸ்ரீரங்கம், துவாக்குடி, லால்குடி, மண்ணச்சநல்லூர் என்று கண்டக்டர்கள் கூவும் நெரிசலில், முன்னால் நிற்கும் வண்டியை நகர்த்துவதற்காகப் பின்னால் நிற்கும் வண்டி எடுத்து விடுகிறதே ஏர் ஹாரன், அது எந்தக் காற்றில் பாடுகிறது என்று நினைக்கிறீர்கள்? பிரேக்குக்குக் காற்று தரும் அதே கம்ப்ரஸரின் காற்றில்தான். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, பல சுருதியில் பாடும் ஹாரனை விலக்கி வைத்திருக்கிறது. சங்கீத ஞானம் இல்லாத விதி. பெருமக்களின் நீதியோ தெளிவானது: காற்று குறைகிறது என்று டிரைவருக்குச் சொல்லும் சின்னப் பஸ்ஸர் தொந்தரவு, அந்தக் காற்றையே செலவழித்துப் பூக்காரம்மாவின் செவிப்பறையைக் கிழிக்கும் ஹாரன் அத்தியாவசியம். எச்சரிக்கை என்பது பிறருக்கு வழங்க வேண்டியது, தான் பெறக்கூடாது என்ற இந்த வள்ளல்தன்மைக்கு ஈடு ஏது!

நம் முன்னோருக்கு இந்த ஞானம் வாய்க்கவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். திருவாரூரில் மனுநீதிச் சோழன் என்றொரு மன்னன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணியைக் கட்டினான். கட்டியதோடு விட்டானா? நாக்கோடு கட்டினான். கயிறு பசுவுக்கு எட்டும்படி கட்டினான். அது அடித்தபோது எழுந்து வேறு வந்தான். விளைவு என்ன? மகனைத் தேர்க்காலில் இட நேர்ந்தது. அவையில் நம் காலத்து ஒர்க்ஸ் மேனேஜர் ஒருவர் மட்டும் இருந்திருந்தால், மணியின் நாக்கை முன்னிரவே கழற்றி, கயிற்றைத் தூணில் சுற்றி, "மணி பொருத்தப்பட்டுள்ளது" என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டிருப்பார். பசு சிறிது நேரம் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். இளவரசன் நீடூழி வாழ்ந்திருப்பான். வேறு கன்றுகளின்மீதும் தேர் ஓட்டியிருப்பான்.

அந்தக் குறையைத் தீர்க்கவே, சத்திரத்தில் வண்டியேறிக் காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டிப் போனால் தொடங்கும் அரிசி ஆலைச் சீமையிலும், கிழக்கே துவாக்குடிச் சாலையின் பட்டறைகளிலும், இன்னும் தமிழகத்தின் சாயப்பட்டறை, பால் பண்ணை, ஆஸ்பத்திரி லாண்டரி என்று நீராவி எழும் இடம்தோறும் நம் மகானுபாவர்கள் அவதரித்திருக்கிறார்கள். திருச்சி பாயிலருக்குப் பேர்போன ஊர். திருவெறும்பூரில் பெல் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து நாட்டின் பல அனல் மின் நிலையங்களுக்கு இங்கிருந்து பாயிலர் போகிறது. அழுத்தம் என்றால் என்னவென்று இந்த ஊர் ஃபிட்டருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிரஷர் கேஜை ஊமையாக்க வேண்டுமானால் எத்தனை மேதைமை வேண்டும்!

பழைய கேஜ் ஊமையாகாது. 1849-இல் பிரான்சில் யூஜீன் போர்டோன் கண்டுபிடித்த வளைகுழாய்க் கேஜ் அது. உள்ளே ஒரு வளைந்த பித்தளைக் குழாய். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரும். குழாய் நிமிர்ந்தால் முள் நகரும். உச்ச அழுத்தத்துக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. உமி தள்ளும் தொழிலாளி இருபதடி தள்ளி நின்றபடியே, எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், முள் கோட்டை நெருங்குகிறதா என்று கண்டுகொள்வார். இப்படி நாலு பேர் கண்ணில் படும் உண்மை அநாகரிகமானது என்பதால்தான் டிஜிட்டல் கேஜ் வந்தது என்று நம் முதலாளிமார் திருவுளம் கொண்டார்கள். அதைச் செய்தவர்களின் எண்ணம் வேறு. எண்ணாகவே துல்லியமாகக் காட்ட வேண்டும். இரண்டு அலாரம் அவுட்புட் தர வேண்டும். மேலெல்லையைத் தொட்டால் ஒரு ரிலே அடித்து ஹூட்டர் கூவ வேண்டும், கீழெல்லைக்கு இறங்கினால் இன்னொன்று. பெட்டியில் அவர்கள் அனுப்பியது இது. அதை நம்மவர்கள் எந்த உன்னத நிலைக்கு உயர்த்தினார்கள் என்பதைக் காண, ஆலை ஒன்றின் பாயிலர் அறைக்குள் எட்டிப் பார்ப்போம். பெயர் வேண்டாம். சான்றோர் விளம்பரம் விரும்பாதவர்கள்.

நெல்லைப் புழுக்க நீராவி வேண்டும். அதற்கு உமி எரிக்கும் பாயிலர். பத்து கிலோ வரை அனுமதி பெற்றது. அதற்கு எந்த ரேஞ்ச் கேஜ் வாங்க வேண்டும்? வேலை செய்யும் அழுத்தம் கேஜின் அளவில் ஏறக்குறைய நடுவில் விழ வேண்டும், ஆகவே பதினாறோ இருபதோ வரை காட்டுவதை வாங்கு என்பான் சாதாரண மெக்கானிக். முதலாளியின் கருணையோ, கடையில் கையிருப்பில் இருந்த, விலையும் சற்றே குறைந்த, பத்தே கிலோ வரை காட்டும் கேஜைத் தத்தெடுத்துக்கொண்டது. பதினொன்றாக ஏறினாலும் பன்னிரண்டாக ஏறினாலும் அது வாய் திறந்து எண்ணைச் சொல்லாது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாத குலப்பெண்ணின் அடக்கம்.

அடுத்தது பொருத்தும் வைபவம். நீராவி நேராக சென்சாரைத் தொடக்கூடாது என்று, நடுவே சுருட்டிய சைஃபன் குழாய் ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். அதில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கி நிற்கும். சூடு கேஜுக்கு ஏறாது. பன்றி வால் போல இருக்கும் அந்தக் குழாய் நம் மேனேஜரின் அழகுணர்ச்சியைப் புண்படுத்தியது. தூக்கி எறிந்தார். கேஜ் நேரடியாகப் பாயிலரின் தலையில் அமர்ந்தது. பலருக்குக் கிட்டாத நூற்றெழுபது, நூற்றெண்பது டிகிரி நீராவிக் குளியல் அந்த எலக்ட்ரானிக் சில்லுக்கு அல்லும் பகலும் இலவசம். கீழே உள்ள அறுகோண நட்டில் ஸ்பானர் போட்டு முடுக்கு என்று எழுதியிருந்ததையும் நம் ஃபிட்டர் லட்சியம் செய்யவில்லை. டிஸ்பிளே இருக்கும் தலையைப் பிடித்தே, காதைத் திருகுவது போலத் திருகினார். உள்ளே ஏதோ ஒன்று "டக்" என்றது. டெஃப்லான் டேப் தாராளமாகச் சுற்றியிருந்ததால் அதில் கொஞ்சம் உள்ளே போய்த் துளையையும் பாதி மூடிற்று. தாராளம் எப்போதும் நல்லது.

இந்தத் திருப்பணியின் சிகரம் வால்வு. கேஜுக்கும் பாயிலருக்கும் நடுவே ஒரு வால்வு இருந்தால், பாயிலரை நிறுத்தாமலேயே கேஜைக் கழற்றிச் சரிபார்க்கலாம். வால்வு போட்டார்கள். பிறகு யாரோ ஒரு மகான் அதை மூடினார். யார் என்று தெரியவில்லை. கல்வெட்டு எழுதாமல் போன சிற்பிகளின் பரம்பரை. மூடிய வால்வுக்கு மேலே அடைபட்ட அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கி, பாயிலருக்குள் என்ன கொந்தளித்தாலும் கேஜில் மட்டும் சாந்த சொரூபம். பார்க்கப் பார்க்கக் கண் குளிரும். அப்படிக் குளிர்ந்த கண்களோடு பதிவேட்டில் மணிக்கொரு தரம் எண்ணை எழுதி வைக்கிறார்கள். ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து எட்டு மணி நேரத்தையும் ஒருங்கே கண்டு எழுதுவது, முக்காலமும் உணர்ந்தவர்களுக்கு மட்டுமே கைவரும் சித்தி.

ஆனாலும் அலாரம் அலாரம்தானே, ஒருநாள் கூவிவிட்டது. வால்வு மூடப்படுவதற்கு முந்தைய காலத்து வரலாறு அது. செட் பாயின்ட் ஒன்பது கிலோ. அடித்த அலாரம் அடங்குவதற்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்று ஓர் இடைவெளி கொடுக்க வேண்டும். ஒன்பதில் அடித்தால் எட்டரையில் அடங்கும்படி. சில நொடி தாமதமும் கொடுக்கலாம், ஒரு கணத் துள்ளலுக்கெல்லாம் கத்தாமலிருக்க. நம் எலக்ட்ரீஷியன் இரண்டையும் பூஜ்யத்தில் விட்டு வைத்திருந்தார். பூஜ்யம் பரிபூரணத்தின் சின்னமல்லவா!

"அண்ணே, ஹூட்டர் விட்டு விட்டு அடிக்குதுண்ணே."

"எவ்வளவுடா காட்டுது?"

"ஒம்போதுண்ணே. எட்டு புள்ளி ஒம்போது. மறுபடி ஒம்போது. அழுத்தம் ஏறிக்கிட்டுத்தாண்ணே இருக்கு."

"மொதலாளி சாப்பிட்டுட்டுக் கண்ணசர்ற நேரம்டா தம்பி. வயரைக் கழட்டி உட்டுட்டு வேலையப் பாரு."

"சரிங்கண்ணே."

உரையாடலின் நயத்தைக் கவனியுங்கள். கீழே நிற்பவர் சொன்ன கடைசி வாக்கியத்துக்கு மேலே இருந்தவர் பதிலே தரவில்லை. அழுத்தம் ஏறுகிறது என்ற செய்தியைக் கேட்டும் கேளாதிருந்து, ஓசை எழுகிறது என்ற செய்தியை மட்டும் அன்னம்போலப் பிரித்தெடுத்துப் பருகிய அந்தச் செவி, தங்கக் கடுக்கன் போட வேண்டிய செவி. மெனுவில் இரண்டு எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். வயரைப் பிடுங்க ஐந்து நொடி. நேரம் பொன்னானது என்பதை இதைவிடத் திருத்தமாக யார் நிரூபிக்க முடியும்?

வயரைப் பிடுங்கியதும் ஏன் எதுவும் நடக்கவில்லை என்று கேட்பவர்களுக்காக, அதற்கு முன்பே ஒரு ஞானி ஏற்பாடு செய்து வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். ரிலேயை இரண்டு விதமாக இணைக்கலாம். எல்லாம் நலமாக இருக்கும்போது மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து, அபாயம் வந்தால் அறுந்து, அந்த அறுபடலே ஹூட்டரை எழுப்பும்படி ஒரு விதம். இதில் எலி கம்பியைக் கடித்தாலும், டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தாலும், கேஜுக்கு மின்சாரம் நின்றாலும், எவனாவது வயரைப் பிடுங்கினாலும் உடனே கத்தும். திருட்டுத்தனம் பலிக்காத, நம்பிக்கைத் துரோகமான முறை. மற்றது, நலமாக இருக்கும்போது மின்சாரம் ஓடாமல், அபாயத்தின்போது மட்டும் ஓடும்படி. இதில் கம்பி அறுந்தால் ஓசையில்லை. கேஜ் செத்தால் ஓசையில்லை. நலமும் மரணமும் ஒரே அமைதியில் ஒன்றும் அத்வைத நிலை. நம்மவர்கள் இரண்டாவதையே தேர்ந்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

பிறகு ஒருமுறை, அலாரமே இல்லாதிருப்பது ஆடிட்டுக்கு அழகல்ல என்று வயரை மீண்டும் மாட்டி, செட் பாயின்ட்டைப் பன்னிரண்டுக்கு ஏற்றினார்கள். பாயிலரின் சேஃப்டி வால்வு பத்தில் திறக்க வேண்டியது. அது திறந்து, அலறி, ஆவியைக் கக்கி, அதனாலும் அடங்காமல் அழுத்தம் மேலும் இரண்டு கிலோ ஏறிய பின்னரே அலாரம் எழுந்து "ஏதோ நடக்கிறது போலிருக்கிறது" என்று தெரிவிக்க வேண்டும். கேஜோ பத்துக்கு மேல் காட்டாத ஜாதி. ஆகவே பிரளயமே வந்தாலும் பன்னிரண்டு வராது. மூத்தவர் பேசும்போது இளையவர் குறுக்கிடக்கூடாது என்னும் நம் பண்பாட்டை ஓர் இயந்திரத்துக்கு இவ்வளவு நேர்த்தியாகக் கற்பித்த ஆசான் வேறு நாட்டில் பிறந்திருக்க முடியாது.

சோதனைக்கு அதிகாரி வரும் நாளின் சோபையை வருணிக்க ஆயிரம் நாவு படைத்த ஆதிசேஷனால்தான் ஆகும். முந்தின இரவே மூடிய வால்வு திறக்கும். ஒன்பதுக்கு இறங்கி வரும் செட் பாயின்ட். கேஜின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக் காலிபரேஷன் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். ஹூட்டர் ஒருமுறை கூவிக் காட்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் வால்வு மீண்டும் யோக நித்திரைக்குத் திரும்பும். இந்தச் சட்டதிட்டங்களெல்லாம் எதற்காக வந்தன என்று நினைவூட்ட ஒருவரும் இல்லை என்பதும் ஒரு பேறு. 1863-இல் கல்கத்தாவின் பெலியகட்டாவில் ஒரு பாயிலர் வெடித்து உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 1864-இல் வங்காளத்தில் பாயிலர் சோதனைக்கு முதல் சட்டம் வந்தது. 1923-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம். 2025-இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம். முதலில் வெடிப்பு, பிறகு சட்டம் என்ற அந்த வரிசையை நம் பெருமக்கள் வேத வரிசையாகக் காத்து வருகிறார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதென்றால், அது பிறந்த காரணத்தையும் மீண்டும் ஒருமுறை நிகழ்த்திக் காட்டினால்தானே முழுமை.

இதற்கு நேர்மாறான வேறொரு சம்பிரதாயமும் உலகில் உண்டு என்பதை நடுநிலை கருதிக் குறிப்பிடுகிறேன். அலாரத்தை ஊமையாக்காமல், எண்ணிறந்த அலாரங்களைச் சேர்ந்து கூவ விட்டு அதே பலனை அடைவது. வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் என்ற துறைமுகத்தில் டெக்ஸாகோ சுத்திகரிப்பு ஆலை 1994 ஜூலை 24-ஆம் தேதி வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில், கட்டுப்பாட்டு அறையில் இருந்த 2 பேர் முன்னால் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. எதைப் பார்ப்பது, எதை விடுவது? ஒரு மனிதருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் தரலாகாது என்று சில ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் வழிகாட்டி நூல் ஒன்று கணக்குச் சொன்னது. செல்வம் மிகுந்த நாடு. 275 ஹூட்டர் வாங்கிச் செவிடாகிறார்கள். நாம் சிக்கனமானவர்கள், ஒரே வயரைக் கழற்றி அதே முக்தியை அடைகிறோம்.

எல்லாச் சம்பிரதாயத்துக்கும் ஓர் ஆதி பீடம் உண்டு. நம்முடையது போபாலில் இருக்கிறது. மகத்தான அந்தப் பீடத்தைப் பெயர் சொல்லிப் போற்றாவிட்டால் மெய்க்கீர்த்தி நிறைவடையாது.

யூனியன் கார்பைடு ஆலை. 610-ஆம் எண் தொட்டி. உள்ளே 40 டன்னுக்கு மேல் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு. அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் இயந்திரத்தை 1984 ஜூன் மாதமே சிக்கனம் கருதி ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். தொட்டியின் வெப்பம் 11 டிகிரியைத் தாண்டினால் கூவும்படி ஓர் அலாரம் இருந்தது. குளிரூட்டி நின்றதும் வெப்பம் எந்நேரமும் அதற்கு மேலேயே நின்றது. ஆகவே அலாரம் ஓயாமல் கூவ வேண்டியிருந்திருக்கும். ஆகவே அதைத் துண்டித்து வைத்தார்கள். எவ்வளவு அப்பழுக்கற்ற தர்க்கம்! நோய் இருப்பதால் வலிக்கிறது. வலிப்பதால் நோயை விட்டுவிட்டு வலியைக் கழற்றுகிறோம்.

டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, பத்தரை மணிக்குச் சற்று முன்பு, அந்தத் தொட்டியின் அழுத்தம் 2 பி.எஸ்.ஐ. பதினொரு மணிக்கு 10. இடையில் ஷிஃப்ட் மாறியது. வந்தவர்களுக்கு 10 என்பது வழக்கமான எல்லைக்குள் இருக்கும் எண்ணாகவே பட்டது. அந்த ஆலையின் கருவிகள் அடிக்கடி தப்பாகக் காட்டிப் பழக்கப்பட்டவை. காட்டுவதை நம்பாமலிருக்க அங்கே வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தரப்பட்டிருந்தது. பழுதான கேஜை மாற்றாமல் வைத்திருப்பதன் பெரும்பயன் இதுதான்: உண்மை சொல்லும் நாளில்கூட அதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். நள்ளிரவு கடந்ததும் முள் 55-ஐத் தாண்டி, அளவின் முனையில் போய் முட்டிக்கொண்டது. அதற்கு மேல் காட்ட அதனிடம் இடமில்லை.

நச்சு வாயு வெளியே பீறிட்ட பிறகு ஆலையின் சங்கு ஊருக்குக் கேட்கும்படி ஊதியது. சில நிமிடங்கள்தான். நிறுத்திவிட்டார்கள். உள்ளே வேலை செய்பவர்களுக்கான சின்னச் சங்கு தொடர்ந்தது. வெளியே குடிசைகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுக்க மனம் வரவில்லை போலும். அவர்கள் இருமலில் விழித்தார்கள், எரியும் கண்களோடு காற்று போகும் திசையிலேயே ஓடினார்கள். மத்தியப் பிரதேச அரசு பின்னர் உறுதிசெய்த சாவு 3,787. அதன்பின் வந்த ஆண்டுகளில் இறந்தவர்களைக் கூட்டினால் எண் இன்னும் பல மடங்கு ஏறும். சங்கு ஊதிய நிமிடங்களையும் நிறுத்திய நிமிடங்களையும் ஒரு தட்டிலும், இந்த எண்ணை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கும் துணிவு எனக்கில்லை. துதி பாடுகிறவன் தராசு தூக்கலாகாது.

ஆதி பீடத்தின் அருளால் நம் ஆலைகளில் மரபு செழித்து வளர்கிறது. இப்போது புதிதாக வரும் கேஜ்கள் கைப்பேசிக்கே குறுஞ்செய்தி அனுப்பும். நம் ஆலையிலும் அந்த வசதி உண்டு. அழுத்தம் மீறினால் செய்தி போக வேண்டிய எண்ணாக, கேஜ் வாங்கிய காலத்தில் இருந்த இன்ஜினீயரின் எண் பதியப்பட்டிருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போய் வெகு காலமாகிறது. எண்ணை மாற்றப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். கையேட்டில் அதற்கும் வழி எழுதியிருக்கிறது. கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், முதலாளி அறைப் பீரோவில், சந்தனப் பொட்டோடு, கேஜ் பொருத்திய நாளில் செய்த பூஜையின் மணம் மாறாமல் பத்திரமாக இருக்கிறது.

இத்தனை பெருமைக்கும் உரியவர்களை வெறும் சொல்மாலையால் விட்டுவிடுவது நன்றியாகாது. ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும். விழாவுக்குத் திருச்சியில் மண்டபம் பிடிக்க வேண்டியதில்லை. அந்தப் பாயிலர் அறையிலேயே வைத்துக்கொள்ளலாம். உமி நிறையத் தள்ளி, அழுத்தத்தை முழுசாக ஏற்றி, பாயிலருக்கு இரண்டடி தள்ளி நாற்காலிகளை வரிசையாகப் போடுவோம். நடு நாற்காலி முதலாளிக்கு. வலப்புறம், வயரைக் கழற்றச் சொன்ன மேனேஜர். இடப்புறம், கேஜைத் தொட்டும் பார்க்காமல் காலிபரேஷன் ஸ்டிக்கர் எழுதித் தந்தவர். அருகே, டிஸ்பிளேயின் தலையைத் திருகிய ஃபிட்டரும், பூஜ்யத்தில் விட்ட எலக்ட்ரீஷியனும். சால்வை, மாலை, நினைவுப் பரிசு எல்லாம் உண்டு. வாழ்த்துரைகள் நீளமாகவே இருக்கட்டும், ஆளுக்கு ஒரு மணி நேரம். நடுவில் யாரும் எழுந்து போகக்கூடாது, கதவைச் சாத்திவிடலாம். ஃபயர்மேனுக்கும் உமி தள்ளும் ஆளுக்கும் அன்று முழுச் சம்பளத்தோடு லீவு கொடுத்து, சத்திரத்துக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிடுவோம்.